பூவரச மரத்தடியில் பேசி முடித்த வீடு

வீடு வாங்கக் கிளம்பும்வரை நான் ஓரளவு புத்திசாலி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கிரேஸுக்கு அதில் அப்போதே சந்தேகம் இருந்தது. ஆனால் கையில் ஆதாரம் இல்லை. அந்த ஆதாரத்தை நானே என் கைப்பட எழுதி, ஊரார் முன்னிலையில் வாசிக்கவும் கொடுத்த கதை இது.

எழுபதுகளின் தொடக்கம். சைதாப்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். நான் மருந்துக் கம்பெனி ரெப். கழுத்தில் டை, கையில் கறுப்புத் தோல் பை, மாதத்தில் பத்து நாள் வெளியூர். அப்படி நான் வேலூரில் இருந்த ஒரு நாள் எங்கள் வீட்டில் திருடன் புகுந்தான். எடுத்துக்கொண்டு போனது ஒரு டிரான்சிஸ்டரும் இரண்டு பித்தளைக் குடமும்தான். ஆனால் உள் அறையில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தாழ்ப்பாளைப் பிடித்தபடி விடியும்வரை நின்ற கிரேஸ் அதற்குப் பிறகு ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கவில்லை. இருட்டினால் போதும், அம்மிக்குழவியை உருட்டிக்கொண்டு போய் வாசல் கதவுக்கு முட்டுக் கொடுப்பாள். நான் ஊரில் இருக்கிற நாட்களிலும் கொடுப்பாள். (திருடனைத் தடுக்கும் விஷயத்தில் அவளுக்கு என்னைவிடக் குழவியின் மேல் நம்பிக்கை அதிகம்.) அந்தக் குழவி உருளும் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாகவும் வேதனையாகவும் இருக்கும். அதனால்தான் சொந்த வீடு பார்க்கக் கிளம்பினோம்.

இரண்டு வீடுகள் அமைந்தன. ஒன்று மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கம். தெருவிளக்கு உண்டு, கூப்பிடு தூரத்தில் போலீஸ் ஸ்டேஷன், நடந்து போகிற தூரத்தில் சர்ச். அதைப் பார்த்ததும் கிரேஸின் முகம் மலர்ந்தது. விலையைக் கேட்டதும் என் முகம் சுருங்கியது. இன்னொன்று சேலையூர் தாண்டி மேடவாக்கம் போகிற வழியில், வயல்களுக்கு நடுவே ஏழெட்டு வீடுகள் உள்ள தெருவில் ஓர் ஓட்டு வீடு. வற்றாத கிணறு, வாசலில் ஒரு பூவரச மரம், விலை முதல் வீட்டு விலையில் மூன்றில் ஒரு பங்கு. தெருவிளக்கு இல்லை. விளக்குக்கான கம்பமே இல்லை.

"அங்கே நான் கூப்பிட்டா யாருங்க வருவாங்க?" என்றாள் கிரேஸ்.

"ரொம்ப நல்ல ஜனங்கன்னு புரோக்கர் சொல்றாரே."

"இந்த சைதாப்பேட்டை வீட்டுக்கும் புரோக்கர் அப்படித்தான் சொன்னார்."

அவள் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். பத்து நாள் நான் இல்லாதபோது அந்த வயல்வெளியில் அவளும் குழந்தையும் தனியாக இருக்க வேண்டும். மேற்குத் தாம்பரத்தை வாங்கினால் என் ஆயுள் முழுக்கக் கடனிலேயே ஓடும். மற்றதை வாங்கினால் அவள் ஆயுள் முழுக்கக் குழவி உருட்ட வேண்டும். இதற்குத் தீர்வு காண நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அதைக் கிரேஸிடம் முன்கூட்டியே சொல்லாமல் விட்டதுதான் நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

ரெப் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் எத்தனை மணிக்கு வருவார், எப்போது கூட்டம் குறையும், கம்பவுண்டரை எப்படித் தாஜா செய்வது என்றெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைப்போம். அதே முறையில் தெருவையே ஆராய்ந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இரண்டு சனிக்கிழமைகள் மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு போய், அந்தத் தெருவை மேலும் கீழுமாகச் சுற்றி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். மூன்றாவது சனிக்கிழமை இறுதிப் பரீட்சை. நாலு மணிக்குக் கிரேஸ் பஸ்ஸில் வருவாள், வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசுவதாக ஏற்பாடு. நான் இரண்டு மணிக்கே போய், பூவரச மரத்தில் சைக்கிளைப் பூட்டாமல் சாய்த்துவிட்டு, எதிரே இருந்த வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஒருவரும் சைக்கிளைத் தொடாவிட்டால் தெரு பாஸ்.

அரை மணி நேரம் ஆயிற்று. சைக்கிளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வைக்கோல் கழுத்துக்குள் போய் உடம்பெல்லாம் அரித்தாலும் மனம் குளிர்ந்திருந்தது. அப்போது டை இறுகியது. யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள். திரும்பினேன். ஓர் எருமை என் டையின் நுனியை மென்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், கையில் தாம்புக் கயிற்றோடு ஓர் அம்மாள் நின்றிருந்தார். பால் வியாபாரம் செய்யும் கன்னியம்மா. (அப்போது எனக்குப் பெயர் தெரியாது. கேட்கும் நிலையிலும் இல்லை.)

"யார்ரா நீ? மூணு சனிக்கெழமையா வேவு பாத்துகினு கீறே? மொத நாள்லேர்ந்து நானும் பாத்துகினுதான் கீறேன்."

"நான் வீடு வாங்க வந்திருக்கேங்க."

"வூடு வாங்க வர்றவன் வூட்டாண்ட போவான். எம் போருக்குப் பின்னால இன்னாத்துக்கு குந்திகினு கீறே?"

இதற்கு நல்ல பதில் ஒன்று இருக்கத்தான் வேண்டும். இத்தனை வருஷமாக யோசிக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை.

"அதோ, அது என் சைக்கிள். அதைக் காவல் காத்தேன்."

"உன் சைக்கிளா? அப்ப அதுல ஏன் வாடகைக் கடை நம்பர் போட்டுகீது?"

அவர் ஒரு குரல்தான் கொடுத்தார். தெருவே வந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. உலக்கையோடு வந்தவர்கள், கரண்டியோடு வந்தவர்கள், வாயில் சோற்றோடு வந்தவர் ஒருவர். "டை கட்டினு திருட வந்துகீறாரு தொர" என்று கன்னியம்மா அறிமுகம் செய்துவைத்தார். அடுத்த நிமிடம் நான் பூவரச மரத்தில், எருமைக் கயிற்றால் கட்டப்பட்டு நின்றேன். சைக்கிளை மட்டும் யாரோ பொறுப்பாக நிழலில் தள்ளி நிறுத்தினார்கள்.

வீட்டுக்காரர் தணிகாசலமும் அங்கே வந்து சேர்ந்தார். அதுவரை புரோக்கர் மூலம்தான் பேச்சு, என் முகம் அவருக்குத் தெரியாது. என் பையைத் திறந்து நோட்டை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணீரென்று வாசிக்க ஆரம்பித்தார்.

"பச்சைக் கதவு வீடு: மூன்று மணிக்கு மேல் ஆள் இல்லை. நாய் உண்டு, பிஸ்கட் போட்டால் வாலாட்டும்."

கூட்டம் "அடப்பாவி!" என்றது.

"மூலை வீடு: கிழவர் மட்டும். காது மந்தம்."

"நல்லாத்தான் கேக்குது!" என்று மூலை வீட்டுப் பெரியவர் கத்தினார்.

"விற்பனைக்கு உள்ள வீடு: கொல்லைக் கதவு ஓர் உதைக்குத் தாங்காது." தணிகாசலம் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "தேக்கு சார் அது!" என்றார், மனம் நொந்து. (சார் என்று அன்று என்னை மரியாதையாக அழைத்த ஒரே மனிதர் அவர்.)

வெயில் சுட்டது. கன்னியம்மா ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார். கட்டிய கையோடு குடிக்க முடியாதென்று ஒரு கையை மட்டும் அவிழ்த்துவிட்டு, குடித்ததும் மறுபடி கட்டினார். அந்த மோரின் ருசியை நான் மறக்கவில்லை, அந்த முடிச்சையும் மறக்கவில்லை.

சரியாக நாலு மணிக்குக் குடை பிடித்தபடி கிரேஸ் வந்தாள். ஆளைக் கண்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். தணிகாசலத்தின் கையிலிருந்த நோட்டை வாங்கி, மூன்று சனிக்கிழமைத் தேதிகளும் போட்டிருந்த ஒரு பக்கத்தை வாசித்தாள். என் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? பிறகு, என் பக்கம் திரும்பாமலேயே கன்னியம்மாவிடம் கேட்டாள்.

"இவர் மூணு வாரமா வர்றதை நீங்க கவனிச்சீங்களா?"

"கவனிக்காம? மொத நாளே எல்லா வூட்டுக்கும் சொல்லி வச்சிட்டேன் கண்ணு."

"கூப்பிட்டதும் இத்தனை பேரும் வந்துட்டாங்களா?"

"பின்னே? எங்க வூட்டுக்காரரு காவேரிப்பாக்கம் பக்கம் லாரி ஓட்டப் பூட்டா நானும் தனியாத்தான் கீறேன். இந்தத் தெருவுல ஒரு பொம்பள குரல் குடுத்தா அடுப்புல சோறு கொழஞ்சாலும் வந்துருவோம்."

கிரேஸின் கண்கள் கலங்கியிருந்ததை மரத்திலிருந்தே நான் பார்த்தேன். பிறகு தணிகாசலத்திடம் திரும்பினாள்.

"சார், நீங்க சொன்ன விலைக்கே இந்த வீட்டை எடுத்துக்கறோம்."

"கிரேஸ்! பேரம்..." என்றேன்.

"இந்த ஆளைத் தெரியுமாம்மா உனக்கு?" என்றார் கன்னியம்மா.

"தெரியும்" என்று பெருமூச்சு விட்டாள் கிரேஸ். "என் வீட்டுக்காரர்தான்."

ஆக, வீடு முடிவானது முதலில், என்னை அவிழ்த்தது அதற்குப் பிறகு. இரண்டு மாதம் கழித்துக் குடிவந்தோம். அம்மிக்குழவியும் வண்டியில் வந்து இறங்கியது. முதல் நாள் இருட்டியதும் அது உருளும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. எட்டிப் பார்த்தால் கிரேஸ் குழந்தையை அணைத்தபடி, வாய் லேசாகத் திறந்திருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்துத் தூக்கம். எத்தனை மரத்தில் வேண்டுமானாலும் என்னைக் கட்டிக்கொள்ளட்டும் என்று அப்போது தோன்றியது. குழவி அதற்குப் பிறகு சட்னிக்கு மட்டும்தான் உருண்டது.

அந்தக் கைக்குழந்தைக்குக் கல்யாணம் பேசும் வயது வந்தது. மாப்பிள்ளை வீட்டார் புதுக் காரில் வந்து பூவரச மரத்தடியில் நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பஜ்ஜி இறங்கவில்லை. ஜன்னல் வழியாக அடிக்கடி காரை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஏரியாவுல திருட்டு பயம் ஏதாவது..." என்று இழுத்தார்.

எங்கள் வீட்டு மனுஷியாகவே ஆகிவிட்ட கன்னியம்மா காபித் தட்டை அவர் முன்னால் வைத்தார்.

"கவலையே படாதீங்க சார். எனக்குத் தெரிஞ்சு இந்தத் தெருவுக்கு ஒரே ஒரு திருடந்தான் வந்தான். அவனையும் இதே மரத்துலதான் கட்டி வச்சோம்."

"அப்புறம் போலீஸ்ல குடுத்தீங்களா?"

"எங்க குடுக்கறது? தோ, பொண்ணுக்கு அப்பாவா குந்திகினு கீறாரே!"

முதலில் சிரித்தவள் கிரேஸ். சம்பந்தி என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், மேஜைமேல் வைத்திருந்த கார் சாவியை மெல்ல எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.