நீலத் தொட்டியும் ஒரு சொட்டு ரத்தமும்

எங்கள் வீட்டு பால்கனியில் ஒரு நீலத் தொட்டி கிடக்கிறது. ஓரத்தில் வெடிப்பு. இப்போது அதில் துணிக் கிளிப்புகள். ஒரு காலத்தில் அதில் கால் நீட்டிக் குளித்த மகள் இன்று உட்கார்ந்தால் முழங்கால் மூக்கில் இடிக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். என் வீட்டுக்காரருக்கு மட்டும் வராது.

அப்போது நாங்கள் ஒற்றை அறையில் குடியிருந்தோம். கதவைத் திறந்தால் கட்டில் இடிக்கும். கட்டிலை நகர்த்தினால் அடுப்பு இடிக்கும். கைக்குழந்தையைப் பாத்திரம் கழுவும் சிங்க்கில்தான் குளிப்பாட்டுவேன். குழாயைப் பிடித்துக்கொண்டு வரவே மாட்டாள். இடுப்பு ஒடிந்தாலும், நல்ல காலம் அது.

சுகாதாரக் கணக்கெடுப்புக்கு ஒரு அக்கா வந்தார். எதையோ விற்க வந்திருக்கிறார் என்று தெருவில் ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. அடுத்த தடவை வண்டி நிறையத் தொட்டிகளோடு வந்தார். எங்கள் சாரியில் எல்லாக் கதவும் திறந்தது. கேள்விகளுக்குப் பதில், எடை, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் கொடுத்தால் குழந்தைக்குத் தொட்டி. நான் நின்ற இடத்திலேயே விரலை நீட்டிவிட்டேன். பாக்கி அவர்தான்.

அவர் எலக்ட்ரீஷியன். கரண்ட் அடித்தால் "லேசா கிள்ளிச்சு" என்பார். ஊசி மட்டும் ஆகாது. மகளுக்குத் தடுப்பூசி போட்ட அன்று, அவள் அழுது முடித்துத் தூங்கியே போனாள். நர்ஸ் இவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"என் ரத்தம் எங்க அப்பா அம்மா குடுத்தது. ஒரு சொட்டுகூட வெளிய போகாது."

"சரிங்க. உங்க பொண்ணு சிங்க்லயே வளரட்டும்."

மறுநாள் மகளை வெளியே தூக்கிப் போய்விட்டு வந்தால், அறை நடுவில் நீலத் தொட்டி. பக்கத்தில் அவர், இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்டரோடு.

"வலிச்சுதாங்க?"

"பொண்ணுக்காக இதுகூடத் தாங்க மாட்டேனா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் கழற்றிவிட்டேன். மறுநாள் அவர் குளித்துவிட்டு வந்தபோது, புதுப் பிளாஸ்டர் வலது நடுவிரலில் இருந்தது.

அந்த வாரமே அக்கா வந்தார். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கூடுதலாம். "நல்ல மனுஷர். குத்தினப்போ முகத்தைக்கூடச் சுளிக்கல. கரண்ட் வேலைன்னு சொன்னார், கழுத்துல எதுக்கு இஞ்சி டேப்புன்னுதான் புரியல."

டேப்பைக் கழற்றாமல் தூங்குகிறவர் தெருவில் ஒருவர்தான். எதிர்ச்சாரித் தையல்காரர், இவருடைய சிநேகிதர். அந்தப் பக்கம் கணக்கெடுப்பில் சேரவில்லை. தினமும் ஊசியில் குத்துப்பட்டுப் பழகினவர் வேறு. ஆளைத் தேர்ந்தெடுத்ததில் குறையே சொல்ல முடியாது.

அக்காவிடம் உள்ளதைச் சொல்லித் தொட்டியை நீட்டினேன். வாங்கவில்லை. "தொட்டி குழந்தைக்கு. எனக்கு உங்க வீட்டு ஆள்தான் வேணும்" என்றார். தையல்காரர் மனைவியிடம் அன்றே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மாத்திரை, நடை என்று மனிதர் இன்றும் நன்றாக இருக்கிறார்.

எனக்கும் இவருடைய ரத்தம் தெரிந்தாக வேண்டும். என் மாமனாருக்குச் சர்க்கரையில் ஒரு கால்விரலே போயிருக்கிறது. அதனால் அக்கா சொன்ன முதல் வரியை மட்டும் இவரிடம் சொன்னேன்.

அன்றிலிருந்து டீயில் சர்க்கரை கிடையாது. விடிந்தும் விடியாமலும் நடை. தனக்கு ஒன்றுமில்லை என்று முனகுவார்.

"ரத்தம் பொய் சொல்லுமாங்க?" என்பேன்.

வாயைத் திறப்பார். தொட்டியில் மகள் தண்ணீரை அடித்து அடித்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்ப்பார். வாயை மூடிக்கொண்டு அந்தக் கசப்பு டீயைக் குடித்துவிடுவார். பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் சர்க்கரை டப்பாவைத் தொட மாட்டேன்.

ஒரு சாயங்காலம் தெருமுனையிலிருந்தே விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நானே போய்க் குடுத்துட்டேன். சர்க்கரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மொதல்ல பாத்ததுதான் ஏதோ தப்பு."

ஆற்றி வைத்திருந்த டீயை நீட்டினேன். ஒரு வாய் குடித்தார். இனித்தது. அப்படியே நின்றார்.

"இப்பதானே சொன்னேன். அதுக்குள்ள எப்படிச் சர்க்கரை போட்ட?"

"நீங்க அங்க மயங்கி விழுந்தப்பவே அக்கா போன் பண்ணிட்டாங்க."

டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ உனக்கு எல்லாம் தெரியுமா? எப்பலேருந்து?"

"பிளாஸ்டர் கை மாறினதுலேருந்து."