மட்டி வாங்கப் போனவர்

"எழுத்து தெரியலைன்னா அங்க யாரையாவது படிக்கச் சொல்லுங்க," என்றாள் மனைவி போனில். "அப்பா ஏழு மணிக்கு வந்துடுவார். எனக்கு வேலை முடிஞ்சு வர ஏழரை ஆகும்."

மளிகைக் கடையில் நின்றிருந்த கண்ணாடிக்காரர் கையிலிருந்த டின்னை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்தார். ஊரில் பாதிப் பேருக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுத்தவர், தன் மூக்குக்கண்ணாடியைத் தன் கண்ணாடிக் கடை மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். டின்மேல் எறும்பு ஊர்வதுபோல ஏதோ தெரிந்தது.

புதன்கிழமைச் சமையல் அவர் பங்கு. டின்னில் வரும் மட்டியை, அதாவது கடல் சிப்பிச் சதையை, பூண்டோடு வதக்கி, வெந்த பாஸ்தாவைப் போட்டுப் புரட்டினால் இருபது நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். வழக்கமாகக் கைக்கு அகப்பட்ட டின்னை எடுத்துக்கொண்டு வருவார். இன்றைக்கு அது நடக்காது. மாமனார் டின் மீன் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரம் பார்த்தவர். ஒருமுறை இதே பாஸ்தாவை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்து, "இந்த மட்டி செத்து எத்தனை வருஷம் இருக்கும், மாப்பிள்ளை?" என்று கேட்டவர்.

"மட்டி, தண்ணி, உப்பு," என்றாள் மனைவி. "நாலாவதா ஒண்ணு இருந்தா அங்கயே வெச்சுட்டு வந்துடுங்க."

பக்கத்தில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் டின்னை நீட்டினார். அவள் படித்தாள். "மட்டி, தண்ணீர், உப்பு, சர்க்கரை, வினிகர், நிறத்துக்கு ஒரு..."

"போதும்மா."

"நல்லதா வேணும்னா பாட்டில்ல இருக்கறதை எடுங்க. உள்ள இருக்கறது கண்ணுக்குத் தெரியும். மட்டி உடையாம முழுசா இருக்கணும், தண்ணி கலங்கி இருக்கக் கூடாது."

ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. முழு மட்டி, தெளிந்த தண்ணீர். கண்ணாடிக்காரர் அதைக் கைக்குழந்தைபோல் வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்பில் தண்ணீர் வைத்து, பாஸ்தாவையும் போட்டுவிட்டு மூடியைத் திருகினார்.

மூடி அசையவில்லை. துணி போட்டுத் திருகினார். சுடுதண்ணீரில் தலைகீழாக நிறுத்தி வைத்தார். கடைசியில் கத்தியின் பின்புறத்தால் நாலு தட்டு தட்டினார். மூடி அப்படியே இருக்க, பாட்டிலின் கழுத்து உடைந்தது. இருபது வருஷம் கண்ணாடியோடு குடித்தனம் நடத்தியவருக்கு, அன்று எது சில்லு, எது மட்டி என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மொத்தத்தையும் குப்பையில் கொட்டிவிட்டு மறுபடி கடைக்கு ஓடினார்.

அடுப்பை அணைக்கவில்லை என்பது பில் போடும் வரிசையில் நிற்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. கையில், அந்த அம்மாளே தேடிக் கொடுத்த டின் இருந்தது. மூன்றே பொருள், முழு மட்டி, நசுங்கல் இல்லை, தேதியும் சரி. அவருக்கு முன்னால் ஐந்து பேர்.

திரும்பி வந்தபோது பாஸ்தா தண்ணீரையெல்லாம் குடித்து வீங்கிக் கிடந்தது. அதைக் கொண்டு சுவரில் போஸ்டர் ஒட்டலாம். வீட்டில் வேறு பாஸ்தா இல்லை.

போகட்டும், மட்டி நல்ல மட்டி என்று மனதைத் தேற்றிக்கொண்டு டின்னைத் திறந்து ஒன்றை வாயில் போட்டார். பல்லில் மணல் நறநறத்தது. குழாயடியில் கொட்டி நாலு முறை அலசினார். மணல் போய்விட்டது. அப்போது போன் வந்தது.

"டின்ல இருந்த தண்ணியைக் கீழ ஊத்திடலையே? ருசியெல்லாம் அதுலதான் இருக்கு. மண்ணு இருந்தா துணியில வடிகட்டினாப் போதும்."

கண்ணாடிக்காரர் தொட்டியின் ஓட்டையைப் பார்த்தார்.

"ஊத்துவேனா?" என்றார்.

ருசி போன மட்டி ரப்பர் துண்டாக இருந்தது. ஈடுகட்ட ஒரு கரண்டி உப்புப் போட்டார். வாசல் மணி அடித்தது. அந்தப் பதற்றத்தில், போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொரு கரண்டி போட்டார்.

மாமனார் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது. "உங்களுக்கு ஏன் மாப்பிள்ளை சிரமம்?" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து கண்ணாடிக்காரர் கேட்டதில்லை.

தட்டை வைத்துவிட்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பவர்போல எதிரே உட்கார்ந்தார். மாமனார் ஒரு வாய் எடுத்தார். மென்றார். வெகுநேரம் மென்றார். தொண்டை ஏறி இறங்கியது. கரண்டி கீழே போகவில்லை, மறுபடி தட்டுக்குப் போனது.

"மட்டி எப்படி இருக்கு, மாமா?"

"இந்த மாதிரி நான் சாப்பிட்டதே இல்லை."

தட்டு காலியானது. "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டு வாங்கி, அதையும் முடித்தார். பிறகு எழுந்து, தடுத்தும் கேட்காமல், தட்டையும் வாணலியையும் கழுவ ஆரம்பித்தார். கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பதினாலு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இன்றுதான் மாப்பிள்ளையானதுபோல் இருந்தது.

ஏழரைக்கு மனைவி வந்தாள். தனக்கு எடுத்து வைத்திருந்ததில் ஒரு வாய் சாப்பிட்டாள். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள்.

"அப்பா இதையா ரெண்டாம் தடவை கேட்டு வாங்கினார்?" என்றாள் மெதுவாக.

"தரம் தெரிஞ்சவர்," என்றார் கண்ணாடிக்காரர். "மூணே பொருள். முழு மட்டி. பார்த்து எடுத்தது."

மறுபடி மணி அடித்தது. கதவைத் திறந்தார். கழுத்து வியர்வையைத் துடைத்தபடி ஒரு வண்டி டிரைவர் நின்றிருந்தார். அவர் கண்ணாடிக்காரரைத் தாண்டி, வாணலி தேய்த்துக்கொண்டிருந்த மாமனாரைப் பார்த்துக் கேட்டார்:

"ஐயா, கட்டிலையும் பெட்டிங்களையும் இன்னும் எத்தனை நேரம் வண்டியிலயே வெச்சிருக்கறது? இங்கயே தங்கிக்கச் சொல்லிட்டாங்களா, இல்ல நீங்க இன்னும் கேக்கவே இல்லையா?"