வாங்கிக்கொள்ள ஆள் தேவை

கொடுப்பவர்களில் பல வகை உண்டு. கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிறவர்கள் இன்னொரு வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றும் மிச்சமில்லை. இங்கே பார்க்கப்போவது மூன்றாவது இனம்: குளிர்காலக் கருணையாளர். முதல் பனி விழுந்து கரடிகள் தூங்கப் போகும் நேரத்தில் இந்த இனம் விழித்துக்கொள்ளும்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூட வாசலில் நிற்கும். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்க்கும், கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும், ஓட்டை இருந்தால் அதன் முகம் மலரும். உங்களிடம் பேசும்போது தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, ஊரெல்லாம் கேட்பதுபோல "எப்படி இருக்கீங்க?" என்று கேட்காமல், "எப்படித்தான் இருக்கீங்க?" என்று கேட்கும். அந்த ஒரு 'தான்' போதும். வாசலுக்கு வரும்வரை நன்றாக இருந்தவர், வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொள்வார்.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒன்று நார்வேயில், மலைகளுக்கு நடுவே ஒரு சிற்றூரில் வசித்தது. பெயர் சோல்ஃப்ரிட். தொடக்கப் பள்ளிப் பெற்றோர் குழுவின் தலைவி. நல்ல மனசு. அதில் சந்தேகமே வேண்டாம். கெட்ட மனசுக்காரர்களால் இவ்வளவு தொந்தரவு கொடுக்க முடியாது.

அந்தப் பள்ளியில் ஆண்டுதோறும் நவம்பரில் ஒரு மாற்றுநாள் நடக்கும். பிள்ளைகளுக்குக் கால் வளர்ந்துவிடும்; போன வருஷத்துப் பனிச்சறுக்கு பூட்ஸ் கடிக்கும். அதைக் கொண்டுவந்து உடற்பயிற்சிக் கூடத்து மேசையில் வைத்துவிட்டு, அளவான இன்னொன்றை எடுத்துக்கொண்டு போகலாம். யார் வைத்தது, யார் எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. பல் டாக்டர் மகளின் காலில் தச்சர் மகனின் பூட்ஸ் இருக்கும், தச்சர் மகனின் காலில் வேறு யாருடையதோ இருக்கும். மூலையில் பெற்றோர் குழுவைச் சேர்ந்த துர்டிஸ் வாஃபிள் என்கிற கட்டம்போட்ட அப்பம் சுடுவாள். அதன்மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியை வைத்துச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். அவ்வளவுதான். எந்தப் பேச்சும் கிடையாது, யாரும் யாருக்கும் நன்றி சொல்வதும் கிடையாது.

அதுதான் சோல்ஃப்ரிட்டை உறுத்தியது. வசதியுள்ளவர்களும் வந்து அள்ளிக்கொண்டு போனால் நிஜமாகவே தேவைப்படுகிறவர்களின் கதி என்ன என்று குழுக் கூட்டத்தில் கேட்டாள். இந்த வருஷம் மாற்றுவது இல்லை. இருப்பவர்கள் கொடுப்பார்கள், இல்லாதவர்கள் பெற்றுக்கொள்வார்கள் என்றாள். கூட்டம் தலையாட்டியது. வாஃபிள் சுடும் துர்டிஸ் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"யாருக்கு நிஜமா தேவைன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டு வருவாங்கல்ல, அப்பத் தெரிஞ்சுடும்."

"இந்த ஊர்லயா?"

இந்த ஊர் எப்படிப்பட்டது என்றால், கார் பனியில் புதைந்துபோனால் உள்ளே உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருப்பார்கள். தாண்டிப் போகிறவர் நிறுத்தி விசாரித்தால், சும்மா இயற்கையை ரசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்வார்கள்.

நாள் வந்தது. 'தேவைப்படும் குடும்பங்களுக்கு, அன்புடன்' என்று வாசலில் பெரிய துணி தொங்கியது. ஊரே திரண்டு வந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை. எல்லோரும் கொடுத்தார்கள். சோல்ஃப்ரிட் யாரையெல்லாம் மனத்தில் நினைத்து மேசைகளைப் போட்டாளோ, அவர்கள்தாம் எல்லோரையும்விடப் பெரிய பையோடு வந்தார்கள். கூடம் நிரம்பி வழிந்தது. ஒருவரும் ஒன்றையும் எடுக்கவில்லை.

ஓட்வாரும் வந்தான். ஊர்ச் சாலைகளில் பனி வாரும் வண்டியை ஓட்டுகிறவன். அவன் மனைவி ஐடுன் வசந்த காலத்தில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோறு வெந்தது, துணி துவைக்கப்பட்டது, எல்லாம் நடந்தது. ஆனால் பிள்ளையின் கால் வளரும் என்பது மட்டும் யாருக்கும் நினைவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் சிக்னே பூட்ஸுக்குள் விரலை மடக்கிக்கொண்டு நடப்பதை அவன் அந்த வாரம்தான் கவனித்திருந்தான். அடுத்த வாரம் பள்ளியின் பனிச்சறுக்கு நாள். பள்ளிக்கூடமே மலைக்குப் போகும், நெருப்பு மூட்டித் தொத்திறைச்சி வாட்டும். சறுக்குக் கட்டையில் சரியாக மாட்டுகிற பூட்ஸ் இல்லாத பிள்ளை காலி வகுப்பில் உட்கார்ந்து படம் வரையும். போன வருஷம் அந்த மலையில் சிக்னேவுக்குப் பக்கத்தில் அவள் அம்மா சறுக்கிக்கொண்டு வந்தாள். இந்த வருஷமும் அங்கே போயே ஆக வேண்டும் என்று பிள்ளை ஒரே பிடிவாதம்.

எனவே ஓட்வார் மகளையும் கூட்டிக்கொண்டு, வழக்கம்போல அவளுடைய பழைய பூட்ஸைக் கொண்டுவந்தான், மாற்றிக்கொண்டு போகலாம் என்று. துணியில் எழுதியிருந்ததை அவன் படிப்பதற்குள் சோல்ஃப்ரிட் எதிரே வந்து நின்று தலையைச் சாய்த்தாள்.

"ஓட்வார், நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குன்னே கொஞ்சம் தனியா எடுத்து வச்சிருக்கேன்."

வாஃபிள் தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொடுக்கத்தான் வந்தேன்" என்றான் ஓட்வார். பூட்ஸை மேசைமேல் வைத்தான். வாஃபிள்கூடத் தின்னாமல் வெளியே நடந்தான்.

வண்டியில் கொஞ்ச தூரம் போனதும் சிக்னே கேட்டாள்: "அப்பா, என் பூட்ஸை ஏம்பா கொடுத்தீங்க?"

"சின்னதாப் போச்சுல்லம்மா."

"இப்ப சின்னதுகூட இல்லையே."

சோல்ஃப்ரிட் மட்டும் சும்மா இருந்தாளா? மிச்சமானதையெல்லாம், அதாவது எல்லாவற்றையும், தன் கார் கொட்டகைக்குக் கொண்டுபோனாள். பூட்ஸ் உள்ளே இருந்தது, கார் பனியில் நின்றது. அவள் வீடு வீடாகத் தொலைபேசியில் அழைத்து, கூச்சப்பட வேண்டாம், யாருக்கும் தெரியாமல் வந்து எடுத்துக்கொண்டு போகலாம் என்றாள். எல்லோரும் மனமார நன்றி சொன்னார்கள். தங்களுக்கு வேண்டாம், பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள், பாவம், அவர்களுக்குத்தான் தேவை என்றார்கள். பக்கத்து வீட்டிலும் அதையே சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் ஊரில் தேவைப்படாத குடும்பமும் இல்லை, தேவைப்படும் குடும்பமும் இல்லை என்று ஆகிவிட்டது. ஓட்வாருக்கு மட்டும் அவள் மூன்று முறை அழைத்தாள். அவன் எடுக்கவில்லை.

பனிச்சறுக்கு நாள் விடிந்தது. சோல்ஃப்ரிட்டின் மகன் ஐவின் ஒரு காலில் பூட்ஸை மாட்டிக்கொண்டு, இன்னொரு காலில் மாட்ட முடியாமல் வாசலில் உட்கார்ந்திருந்தான். ஊர்ப் பிள்ளைகளின் கால்களையெல்லாம் அளந்து வைத்திருந்தவள் இந்த இரண்டு கால்களை விட்டுவிட்டாள்.

"அம்மா, கொட்டகையிலதான் மலை மாதிரி கெடக்கே."

"டேய், அது தேவைப்படறவங்களுக்குடா."

"எனக்குத் தேவைப்படுதே."

"அது அந்தத் தேவை இல்லடா."

ஆனால் கால் இந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்ளவில்லை. அவள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். கொட்டகைக் கதவைப் பாதி தூக்கினாள். தன் சொந்தக் கொட்டகைக்குள் குனிந்து நுழைந்து ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு வெளியே வருகையில், முகத்தில் வெளிச்சம் அடித்தது. பனி வாரும் வண்டி. உள்ளே ஓட்வாரும் சிக்னேயும்.

அந்தத் தெருவில் அவன் அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு முறை பனி வாரியிருந்தான்.

சோல்ஃப்ரிட் பூட்ஸை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். சும்மா அடுக்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அவன் சும்மா வாரிக்கொண்டிருந்ததாகச் சொன்னான். பிறகு வானிலையைப் பற்றி இருவரும் பேசினார்கள். அந்த வானிலையில் பேச ஒன்றுமே இல்லை. பள்ளிக்கூட வண்டி கிளம்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கேட்க வாயில்லாமல் இரண்டு பெரியவர்கள் நின்றார்கள்.

சிக்னே இறங்கி ஐவினிடம் போனாள்.

"சின்னதாப் போச்சா?"

"ஆமா."

"அப்ப குடு."

அவன் கழற்றினான். அவள் வாசல் படியிலேயே உட்கார்ந்து மாட்டினாள், எழுந்து ஒருமுறை குதித்துப் பார்த்தாள். ஓட்வாரும் இறங்கி வந்து சோல்ஃப்ரிட்டின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, அவள் ஒளித்துவைத்திருந்த ஜோடியை வாங்கி, ஐவின் காலில் மாட்டி, முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். சரியாக இருந்தது.

சோல்ஃப்ரிட்டுக்குத் தெம்பு திரும்பியது. தலை தானாகச் சாய்ந்தது. "ஓட்வார், இனிமே எது வேணும்னாலும் தயங்காம..."

"நான் ஒண்ணும் வாங்கல, சோல்ஃப்ரிட். மாத்திக்கிட்டோம்." அவன் வண்டியில் ஏறினான். "ஐவினும் ஏறிக்கட்டும், வழியிலதானே. அப்புறம், உங்க வீட்லயும் தேவைப்பட்டுச்சுன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க கவலைப்படாதீங்க."

சோல்ஃப்ரிட் "நன்றி" என்றாள். அந்தக் குளிர்காலத்தில் அந்தச் சொல் ஆயிரம் தடவை அவள் காதில் விழுந்திருந்தது. வாயில் வைத்துப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு கெட்டியானது என்று தெரிந்தது.

அடுத்த நவம்பரில் குழுக் கூட்டத்தில் அவள் ஒரு புத்தம் புதிய யோசனையை முன்வைத்தாள்: எல்லோரும் கொண்டுவரட்டும், எல்லோரும் எடுத்துப்போகட்டும், யாரும் எதையும் கேட்க வேண்டாம். பலத்த கைதட்டல். துர்டிஸ்தான் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் ஊரிலும் ஒரு சோல்ஃப்ரிட் உண்டு, அவள் யார் என்றுகூட உங்களுக்கு உடனே தோன்றியிருக்கும். அவளிடம் போய் இதைப் படித்துக் காட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. கடைசியாக நீங்கள் ஒருவரிடம் போய், எனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது எப்போது? உடனே பதில் வந்தால் பிழைத்தீர்கள். வராவிட்டால், உங்கள் வீட்டுப் பிள்ளையின் கால் இப்போது என்ன அளவு என்று போய்ப் பாருங்கள்.