குவைத் டேப்

"ஏங்க, வாசக் கேட்டு சாத்தித்தான கீது?" என்று லீலா கேட்டாள்.

"சாத்தித்தான் கீது."

"அப்ப இந்தக் கோழி எப்படி உள்ள வந்துச்சு?"

சாத்திய கேட்டுக்கும் தூணுக்கும் நடுவில் இருந்த சந்தில் இன்னொரு கோழி தலையை நீட்டி, வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கண்ணப்பன் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தார். தாழ்ப்பாள் அந்தரத்தில் நின்றது. அது போய் நுழைய வேண்டிய ஓட்டை இன்னும் நாலு இஞ்ச் தள்ளி, தூணில் பேசாமல் இருந்தது.

வேறு யார் வீட்டுக் கேட்டாவது இப்படி இருந்திருந்தால் கண்ணப்பன் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். படப்பையில் தேவராஜன் முதலாளியின் பட்டறையில் அவருக்குப் பெயரே அளவு கண்ணப்பன். வீடு வீடாகப் போய் ஜன்னலையும் வாசலையும் அளப்பது அவர் வேலை. அவர் வந்து அளவைச் சொல்வார், வெல்டர் எல்லப்பன் கம்பியை வெட்டிப் பற்ற வைப்பான், கிரில் போய் ஜன்னலில் பொருந்தி உட்காரும். இத்தனை வருஷத்தில் ஒரு கிரில் திரும்பி வந்ததில்லை.

இப்போது சேரப்பணஞ்சேரியில் சொந்தமாகக் கட்டிய புது வீட்டுக்கு, தன் கையால் அளந்த கேட்டு, நாலு இஞ்ச் குறைகிறது. வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். முதலாளி வருகிறார். ஒரகடத்தில் அவர் போட்டிருக்கும் புது ஷெட்டுக்கு ஃபோர்மேன் யார் என்பதை அன்றைக்குச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். சொந்த வாசலையே அளக்கத் தெரியாதவனுக்கு யார் ஷெட்டைக் கொடுப்பார்கள்?

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள் லீலா.

"கோவிச்சுக்குவேன். சொல்லு."

"பழக்க தோஷத்துல நாலு கழிச்சுட்டீங்களோ?"

லீலா கேட்டதில் நியாயம் இருந்தது. கண்ணப்பனின் பழைய டேப்புக்கு முதல் நாலு இஞ்ச் கிடையாது. மூர் மார்க்கெட் எரிந்துபோவதற்கு முன்னால் அங்கே வாங்கியது. ஒருநாள் தகடு வெட்டும் மிஷினில் தகட்டோடு சேர்ந்து டேப்பின் நுனியும் போய்விட்டது. தூக்கிப் போடுங்கள், வேறு வாங்கித் தருகிறேன் என்று முதலாளியே சொன்னார். கண்ணப்பன் கேட்கவில்லை. "ராசியான டேப்பு மொதலாளி. வர்ற அளவுல நாலு கழிச்சுக்கினா போச்சு. இதுக்குப் போயி" என்றுவிட்டார். அதன்பிறகு ஒரே ஒரு தடவை எல்லப்பன் வாய்தவறி, "கழிச்சீங்களாண்ணே?" என்று கேட்டான். கண்ணப்பன் டேப்பை அவன் காலடியில் வீசிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவர், முதலாளி வந்து கூப்பிடும்வரை வேலைக்குப் போகவில்லை. பட்டறையில் அந்தக் கேள்வியை அதோடு ஏறக்கட்டிவிட்டார்கள்.

ஆனால் இந்தக் கேட்டை அவர் அளந்தது பழைய டேப்பால் இல்லை. குவைத் டேப்பால்.

லீலாவின் தம்பி ரகு குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். அங்கே சண்டை வந்ததும் போட்டது போட்டபடி கிளம்பி, பாலைவனத்தில் கூடாரத்தில் கிடந்து, ஒரு கைப்பையோடு வந்து சேர்ந்தான். அந்தப் பையில் அக்காவுக்கு ஒரு சென்ட் பாட்டில், மாமாவுக்கு ஒரு டேப். மஞ்சள் டப்பா, பொத்தானை அழுத்தினால் சர்ரென்று உள்ளே ஓடிவிடும். இதைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் சாயங்காலத்துக்குள் கால் முளைத்துவிடும் என்று கண்ணப்பன் வெளியில் மூச்சுவிடாமல் வீட்டு பீரோவிலேயே வைத்துக்கொண்டார். சொந்த வீட்டு வாசலைத்தான் முதன்முதலில் அதில் அளந்தார்.

"இதுல கழிக்கறதுக்கு இன்னாடி கீது? முழு டேப்பு. நாலடி வந்துச்சு, நாலடின்னுதான் சொன்னேன்" என்றார்.

"நான்கூடப் பக்கத்துலதான் இருந்தேன்கா. கரெக்டா நாலடி" என்றான் ரகு.

அப்படியானால் எல்லப்பன்தான். கண்ணப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் பறந்தார்.

"டேய், இன்னா வெட்டி வெச்சிருக்க? நாலு இஞ்ச் கம்மியா கீது!"

எல்லப்பன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "எப்பவும் வெட்டற மாதிரிதாண்ணே வெட்டினேன்."

"நான் இன்னா அளவு சொன்னேன்?"

"நாலடி."

"அப்புறம்?"

எல்லப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கண்ணப்பனின் முகத்தைப் பார்த்தான். "எப்பவும் போலத்தாண்ணே" என்று மறுபடியும் சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டான்.

அளந்தவர் மேல் தப்பில்லை. வெட்டியவன் மேலும் தப்பில்லை. பாக்கி இருப்பது டேப்தான். திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்து, வீட்டில் வந்து சைக்கிளை நிறுத்தும்போது கண்ணப்பன் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏன் மச்சான், குவைத்துல வெயில் எப்படி?"

"அதை ஏன் மாமா கேக்கறீங்க. காருமேல முட்டைய ஒடச்சு ஊத்துனா வெந்துடும்."

"அதான்! இரும்பு சூட்டுல நீளும். உன் டேப்பு அந்த வெயில்ல நீண்டுபோய்க் கெடக்குது. டேப்பு நீண்டா அளவு கம்மியா காட்டும். அளவு கம்மியா காட்டுனா கேட்டு கம்மியா வரும்."

"மாமா, அது பொட்டிக்குள்ளதான் இருந்துச்சு."

"பொட்டி எங்க இருந்துச்சு?"

பெட்டியும் குவைத்தில்தான் இருந்தது.

கண்ணப்பன் தன் பழைய டேப்பை எடுத்து வாசலை அளந்தார். முகம் மலர்ந்தது. "தோ பாத்தியா, இதுல வேற அளவு வருது. என் டேப்பு பொய் சொல்லாது." உடனே பட்டறைக்குப் போய், அளவைச் சொல்லி, வேறு கேட்டு அடிக்கச் சொன்னார். வியாழக்கிழமை சாயங்காலம் கையில் வேண்டும்.

ரகு அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவன், அந்த ஓட்டத்திலும் மாமாவை நினைத்து எடுத்துவந்த பொருள். அதைப் போய் வெயிலில் நீண்டது, கோணினது என்றால்? லீலாவுக்குத் தம்பியின் முகத்தைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனிடம் பேசிப் பயனில்லை. பேசினால் டேப் பறக்கும்.

கண்ணப்பன் ஓவர்டைம் பார்க்கப் போன நாளாகப் பார்த்து அவள் கொத்தனார் சுப்பனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கேட்டு சின்னதா வந்துடுச்சு. தூணைக் கொஞ்சம் பெரிசாக்க முடியுமா?"

"ஊர்ல எல்லாரும் வாசலுக்குக் கேட்டு போடுவாங்க. நீ கேட்டுக்கு வாசல் போடச் சொல்றியேம்மா" என்றான் சுப்பன். ஆனாலும் போட்டான். தூணில் செங்கல் துண்டு பதித்து, சிமெண்ட் பூசி, நாலு இஞ்ச் கனமாக்கிவிட்டான். அவருக்குத் தெரியக்கூடாது என்று அதன்மேல் வாழைமரத்தைச் சாய்த்துக் கட்டி, மாவிலைத் தோரணமும் தொங்கவிட்டாள் லீலா. சின்னக் கேட்டு இப்போது பொருந்தும், ரகுவின் டேப்பும் மானத்தோடு பிழைக்கும் என்பது அவள் கணக்கு.

வியாழக்கிழமை சாயங்காலம் மூன்று சக்கர வண்டியில் புதுக் கேட்டு வந்து இறங்கியது. கண்ணப்பன் பழைய கேட்டைக் கழற்றிச் சுவரோரம் கடாசினார். புதுக் கேட்டைத் தூக்கிக் கீலில் மாட்டினார். தோரணையாக ஒரு தள்ளு தள்ளினார்.

டங்.

கேட்டு வாழைமரத்தைத் தள்ளிக்கொண்டு போய்த் தூணில் முட்டி நின்றது. மறுபடியும் தள்ளினார். மறுபடியும் டங். இப்போது நாலு இஞ்ச் அதிகம்.

கண்ணப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பழைய டேப்பைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, கூடப் பிறந்தவன் துரோகம் செய்துவிட்ட மாதிரி அதைப் பார்த்தார்.

"லீலா, எனக்குக் கண்ணு போயிடுச்சு" என்றார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுல கொறையுது, இதுல ஏறுது. நாளைக்கு மொதலாளி வந்து பாத்துட்டு, அளவு கண்ணப்பன் வூட்டு லட்சணத்தப் பாருன்னு சிரிப்பாரு. ஒரகடமும் வாணாம் ஒண்ணும் வாணாம். நான் பம்பு செட்டுக்குக் காவல் கெடக்கறேன்."

பத்து வருஷத்தில் புருஷன் அழுது லீலா பார்த்ததில்லை. அவளுக்கு மனசு தாங்கவில்லை.

"யோவ், அழுவாத. தூணைப் பெரிசாக்கினது நான்தான்."

"இன்னா?"

"சின்னக் கேட்டு பொருந்தட்டுமேன்னு சுப்பன் அண்ணனை வெச்சுப் பூசிட்டேன். வாழைமரத்துக்குப் பின்னாடி பாரு."

அடுத்த நிமிஷம் கண்ணப்பன் கையில் உளியும் சுத்தியலும் இருந்தன. மனைவியைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை, அவ்வளவு சந்தோஷம். பூச்சு இன்னும் ஈரம் என்பதால் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. தூண் பழைய அளவுக்கு வந்ததும் கேட்டைத் தள்ளினார். க்ளிக். தாழ்ப்பாள் ஓட்டைக்குள் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. சந்துக்காகக் காத்திருந்த கோழி ஏமாந்து திரும்பிப் போனது.

"பாத்தியாடி! என் டேப்பு! என் டேப்பு!" என்று டேப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். பீரோவைத் திறந்து மஞ்சள் டப்பாவை எடுத்துவந்து ரகுவின் கையில் வைத்தார். "வெச்சுக்க மச்சான். சண்டை முடிஞ்சு திரும்பப் போவறப்ப அங்கயே குடுத்துடு. ஒட்டகத்தை அளக்க ஆவும்."

ரகு அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். லீலா அன்று ராத்திரி புருஷனுக்குச் சோற்றைப் போட்டாள், பேச்சைப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை பசுவும் கன்றும் அந்தக் கேட்டு வழியாகத்தான் உள்ளே வந்தன. பசு ஒரு வாழையிலையைக் கடித்துக்கொண்டே வந்தது. பால் பொங்கியது. பட்டறை ஆட்கள் வந்தார்கள். எல்லப்பன் கேட்டைப் பார்த்துவிட்டு, சுவரோரம் கிடந்த சின்னக் கேட்டையும் பார்த்துவிட்டு, ரகுவிடம் போய் ஏதோ மெதுவாகக் கேட்டான். ரகு பையைத் திறந்து மஞ்சள் டப்பாவைக் காட்டினான். எல்லப்பன் அதை இழுத்துப் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டான், நேராக முதலாளியிடம் போய்க் காதில் கிசுகிசுத்தான். முதலாளி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். காபி புரையேறிவிட்டது போலிருக்கிறது என்று கண்ணப்பன் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது தேவராஜன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஒரகடம் ஷெட்டுக்குக் கண்ணப்பன்தான் ஃபோர்மேன். தை முடியறதுக்குள்ள போயிடு கண்ணப்பா."

கண்ணப்பனுக்குக் கண் கலங்கியது. சட்டைப் பையிலிருந்த டேப்பைத் தொட்டுக்கொண்டார். அப்படியே ரகு பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ரகு தலையைக் குனிந்துகொண்டு தரையில் கோடு போட்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான், பாவம், கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டோம் என்று கண்ணப்பனுக்கே தோன்றியது.

"எல்லப்பனையும் உங்கூட இட்டுக்கினு போ" என்றார் முதலாளி.

"அவன் எதுக்கு மொதலாளி? அங்கதான் புதுசா ரெண்டு வெல்டருங்க கீறாங்களே."

"வெல்டருங்க கீறாங்கப்பா. நீ சொல்ற அளவுல நாலு இஞ்ச் கழிக்கறதுக்கு அங்க யார் கீறா?"