வேண்டாத விளைவு

"ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா போச்சு" என்றாள் ஜூலியானா.

சூசை மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார். ஜார்ஜ்டவுன் கோவிலில், ஃபாதர் ஒரு பக்கமும் பாவம் சொல்ல வந்தவர் மறுபக்கமும் இருக்கும் அந்தப் பழைய மரக்கூண்டின் கதவு கிரீச்சிடுகிறது, கொஞ்சம் பாருங்கள் என்று கோவில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவை கேட்டிருந்தது. செபராங் ஜெயா கல்லூரியில் பொறியியல் வடிவமைப்பு நடத்துபவரிடம், அதிலும் தொழில்நுட்ப அமைப்புகளின் பொதுக்கோட்பாட்டைக் கரைத்துக் குடித்தவரிடம், எண்ணெயா?

"எந்த மெஷினா இருந்தாலும் ஒண்ணு உள்ள போகுது, மாறி வெளிய வருது. இதுல உள்ள போறது பாவி. வெளிய வர்றது சுத்தமான ஆளு. கிரீச் சத்தம் வேண்டாத விளைவு. அத வேரோட…"

"சோறு ஆறுது."

கல்யாணமான நாளிலிருந்து கோட்பாட்டை அவள் இதற்கு மேல் கேட்டதில்லை. மாணவர்கள் இவ்வளவுகூடக் கேட்டதில்லை. அவர்களிடம் கைப்பேசி இருந்தது.

மாக் மண்டினில் பட்டறை வைத்திருக்கும் சிவநேசனிடம் சொல்லி, நைலான் வளையம் போட்ட புதுக் கீல்கள் செய்து மாட்டினார் சூசை. கதவு பூனை மாதிரி நகர்ந்தது. அந்தச் சனிக்கிழமையே, பாவம் சொல்ல வந்த ஷார்லின் உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் கதவைத் திறந்துவிட்டாள். மண்டியிட்டிருந்தவர் அவளுடைய மாமியார். சொல்லிக்கொண்டிருந்தது ஷார்லினைப் பற்றி.

"முன்ன கிரீச்சுனா ஆள் உள்ள போயிருச்சுனு தெரியும்ணே" என்று அழுதாள் அவள்.

சூசை அசரவில்லை. மண்டியிடும் பலகைக்கு அடியில் சுவிட்ச், கூண்டின் மேல் சிவப்பு விளக்கு. ஆள் இருக்கும்வரை எரியும். அது கோவில் முழுக்கத் தெரிந்தது. யாருக்கு எவ்வளவு நேரம் எரிந்தது என்று வரிசையில் நின்றவர்கள் கணக்குப் போட்டார்கள். பாடகர் குழுத் தலைவருக்கு விளக்கு அணைவதாகவே இல்லை. அவர் மனைவி அன்று தனியாக டாக்சி பிடித்து வீட்டுக்குப் போனார்.

ஆகவே எல்லோருக்கும் சமமாக ஐந்து நிமிடம் எரியும்படி வைத்தார் சூசை. அதுவரை கதவும் தானே பூட்டிக்கொள்ளும். ஒரே ஒரு பொய்யைச் சொல்ல வந்த ஜோவான் அக்கா, மிச்ச நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் பாவங்களையும் சொல்லி முடித்தார்.

இத்தனைக்குப் பிறகும் வரிசை மட்டும் குறையவில்லை. ஃபாதர் லாசர் இப்போதெல்லாம் கண்டிப்பதும் இல்லை, பரிகாரமாக ஜெபம் சொல்லச் சொல்வதும் இல்லை, மனம் கனிந்துவிட்டார் என்று பேச்சு. அந்தப் புண்ணியத்தையும் சூசை தம் வடிவமைப்பின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

பேரவைத் தலைவர் சேர்க்கவில்லை. "எல்லாத்தையும் கழட்டிருங்கலா, சார். ஜனங்க பயப்படறாங்க."

மேல்முறையீட்டுக்கு ஒரே இடம்தான் மிச்சம். சூசை கூண்டுக்குள் போய் மண்டியிட்டார். விளக்கு எரிந்தது, கதவு பூட்டிக்கொண்டது.

"ஃபாதர், நான் பாவம் சொல்ல வரல. இந்தக் கோட்பாட்ட மட்டும் ஒரு தடவ கேளுங்க."

வலைத்தடுப்புக்கு அப்பாலிருந்து மறுப்பு வரவில்லை. சூசை முதலிலிருந்து தொடங்கினார். உள்ளே போவது, வெளியே வருவது, நோக்கம், உறுப்புகள், பக்கவிளைவுகள். யாரும் சோறு ஆறுகிறது என்று சொல்லவில்லை. யாரும் கைப்பேசியை எடுக்கவில்லை. முடிவுரைக்கு வந்தபோது பூட்டு திறந்துகொண்டது. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"முழுசா கேட்டாரு, ஜூலி" என்றார், வெளியே பேரவைத் தலைவரோடு காத்திருந்த மனைவியிடம் வந்து. "ஒரு வார்த்த குறுக்க பேசல."

ஜூலியானா முதல் தடவையாகக் கணவரைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தாள். பேரவைத் தலைவரும் தயங்கினார். "ஃபாதரே ஒத்துக்கிட்டாருன்னா அப்புறம் நாம என்ன சொல்றது."

கூண்டின் மறுபக்கத் திரை விலகியது. ஃபாதர் லாசர் கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்து வந்தார்.

"சூசை, நீயா? அந்தக் கிரீச் சத்தத்தத் திரும்ப வச்சுக் குடுப்பா, ஆள் வந்தா நான் வேற எப்படித்தான் முழிச்சுக்கிறது?"