வகை அண்ணனுக்கு, தொகை எனக்கு

நுண்கணிதத்தைப் பாகப்பிரிவினை செய்து படித்த ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இப்போது வெட்கமில்லை.

எண்பதுகளின் கடைசி. பரளச்சியிலிருந்து நாங்கள் போய்வந்த பள்ளியில் கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டார். வேறு ஆள் வரவில்லை. பிளஸ் டூ கணக்கில் தேறாவிட்டால் எனக்குக் கல்யாணம், பெரியப்பா மகன் சண்முகத்துக்கு மிளகாய்க்காடு என்று வீட்டில் முடிவாகியிருந்தது. (என்னைவிட இருபது நாள் மூத்தவன். அதற்கே அண்ணன் என்று கூப்பிட வேண்டும்.) அதனால் சென்னையில் ஒரு தபால்வழிக் கல்வி நிலையத்தில், ஃபீஸை மிச்சம்பிடிக்க இரண்டு பேருக்கும் சேர்த்து என் பெயரில் மட்டும் பதிவு செய்தார்கள்.

பாடக்கட்டு வந்ததும் அப்பா காட்டைப் பங்கு வைப்பதுபோலவே பிரித்தார்.

"முதப் பாதி வகையிடல், அது மூத்தவனுக்கு. பின்பாதி தொகையிடல் ஒனக்கு. பெறகு சண்டை வரக்கூடாது."

பங்கு பிரித்தபின் அடுத்தவர் வரப்பைத் தாண்டலாமா? நாங்கள் தாண்டவில்லை. விடைத்தாளில் அவன் பாதியை அவன் எழுதுவான், என் பாதியை நான் எழுதுவேன். ஒரே உறையில் போகும். மார்க் அள்ளிக்கொண்டு திரும்பி வரும். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டையில் நேரடி வகுப்பு வைத்தார்கள். துணைக்கு வந்த அண்ணன் வாசலில் உட்கார்ந்துகொண்டான். சென்னையிலிருந்து வந்திருந்த சார், "அமுதா யாரும்மா? நீதான முதல் மார்க்? வந்து இதை வகையிடு" என்று போர்டில் எக்ஸ் ஸ்கொயர் எழுதினார்.

நான் கம்பீரமாக எக்ஸ் க்யூப் பை த்ரீ என்று எழுதினேன்.

"இது தொகையிட்டதும்மா. நான் வகையிடச் சொன்னேன்."

"அது எங்கண்ணன் பங்கு, சார்."

அண்ணனை உள்ளே கூப்பிட்டார்கள். அவன் நொடியில் வகையிட்டான். தொகையிடச் சொன்னதும் என்னைக் கைகாட்டினான்.

சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். "ஒண்ணைத் திருப்பிப் போட்டாத்தான் இன்னொண்ணு. இதுகூடவா தெரியாது?"

சத்தியமாகத் தெரியாது. அவை இரண்டும் சொந்தக்காரர்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பரீட்சைக்கு ஆறு வாரம்தான் இருந்தது. ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அண்ணன், "ஏ புள்ள, ஒன் நோட்டை எனக்குக் குடு. என்னுதை நீ வச்சுக்க" என்றான். அப்பாவுக்குத் தெரியாமல் ஒருவருக்கொருவர் வாத்தியார் ஆனோம். இருவரும் தேறினோம். என் கல்யாணம் நாலு வருஷம் தள்ளிப்போனது. அந்தச் சந்தோஷம் இன்னும் தீரவில்லை.

பிறகு நிலையத்திலிருந்து என் பெயரில் ஒரே ஒரு சான்றிதழ் வந்தது. பெரியப்பாவும் அப்பாவும் உட்கார்ந்து பேசி, பொதுக்கிணற்றுத் தண்ணீருக்குப்போல முறை வைத்தார்கள். ஒரு வருஷம் அவர்கள் வீட்டுச் சுவரில், மறுவருஷம் எங்கள் வீட்டில். இன்றும் பொங்கலுக்குப் பொங்கல் அது வீடு மாறுகிறது. போன வருஷம் அண்ணன் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள், "சுவத்துல தொங்குற அமுதா யாரு மாமா?" என்று கேட்டிருக்கிறாள்.

"பாதி நான்தாம்மா" என்றானாம்.