சென்னையிலிருந்து பதினொரு பேச்சுத் தூரம்

கைபேசியை வேகமாகத் தட்டுபவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பும் குடும்பங்கள் உண்டு. எங்கள் குடும்பமும் அப்படித்தான் இருந்தது, அப்பாவின் செத்தவீடு வரைக்கும்.

அப்பா ஜெயபுரத்தில் வயல் செய்தவர். அவர் இறந்தபோது அண்ணா சென்னையில் வேலையில் இருந்தான். தகப்பனுக்கு மூத்த மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். அண்ணா தொலைபேசியில் அழுதான்.

“நாளைக்குப் பத்து மணிப் பிளேனிலை பலாலிக்கு வாறன். நான் வராமல் அப்பாவை எடுத்துப்போடாதேங்கோ.”

எத்தனை மணிக்கு எடுப்பது என்று ஊர் கேட்டது. நான் கைபேசியைத் தட்டினேன். சென்னையும் யாழ்ப்பாணமும் பக்கத்துப் பக்கத்து நகரங்கள், இடையில் கொஞ்சம் கடல், அவ்வளவுதான். பறக்கும் நேரம் ஒரு மணியும் சொச்சமும் என்று போட்டிருந்தது. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியிலிருந்து ஜெயபுரத்துக்கும் அதே இணையப் பக்கத்தில் தூரம் பார்த்தேன். (அது கடலேரிக்கு மேலால் இழுத்த நேர்கோடு. ரோட்டில் ஓடும் வான் அப்படிப் போகாது என்று எனக்குத் தோன்றவேயில்லை.)

“ஒரு மணிக்கு எடுக்கலாம்” என்றேன். ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஊர் முழுக்க அறிவித்தார்கள்.

விமானம் என்றால் மினிபஸ்தான், ஏறியவுடன் வெளிக்கிடும், இறங்கியவுடன் நடக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஒரு மணிக்கு அண்ணா அழைத்தான்.

“பிளேன் பிந்தித்தான் வெளிக்கிட்டது. இப்பதான் இறங்கினனான். பாஸ்போட் பாக்கிற இடத்திலை பெரிய லைன்.”

பந்தலுக்குள் ஊரே வெயிலில் வெந்துகொண்டிருந்தது. ஐயர் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, நாலு மணிக்குப் பிறகு என்னாலை நிக்கேலாது. அண்ணர் வராட்டி நீர்தான் கொள்ளி வைக்கவேணும்.”

அண்ணாவின் உரிமையை ஒரு கைபேசிக் கணக்கால் பறிக்கப் போகிறேன்.

இரங்கல் உரைக்கு மூன்று பேர் ஏற்பாடாகியிருந்தார்கள். நான் கதிரை கதிரையாகப் போய்க் கெஞ்சி அதை நீட்டினேன். ஐந்தாமவர் அப்பாவைக் கல்விமான் என்றார். (அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு.) ஏழாமவர் அப்பா கோபமே அறியாதவர் என்றார். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். ஒன்பதாமவர் அப்பாவின் பெயரையே மாற்றிச் சொன்னார். நான் திருத்தவில்லை, அவர் பேசினால் போதும்.

பத்துப் பேர் முடிந்தார்கள். மிச்சம் இருந்தவர் கடைசிக் கதிரையில் வேலுப்பிள்ளை அண்ணை. பக்கத்து வயல்காரர். வரம்புச் சண்டையில் அவருக்கும் அப்பாவுக்கும் ஒன்பது வருடமாகக் கதைபேச்சு இல்லை.

“அண்ணை, ஒரு பத்து நிமிசம் பேசுங்கோ.”

“நானோ?” என்றபடி எழுந்தார்.

“இவர் என்ரை வரம்பை ஒரு முழம் வெட்டினவர்” என்று தொடங்கினார். “அது உண்மை. ஆனா நான் ரெண்டு மாதம் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை என்ரை வயலுக்கு விடியவிடியத் தண்ணி கட்டினதும் இவர்தான். எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் நான் வந்து கதைக்கேல்லை.”

மைக்கைப் பிடித்தபடி நின்று அழுதார். யாரும் அதை வாங்கப் போகவில்லை. அன்று முழுக்க நேரத்தைத் துரத்திக்கொண்டிருந்த நான் அப்போதுதான் அப்பாவுக்காக அழுதேன்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அண்ணாவின் வான் வந்தது. கொள்ளியை அவன்தான் வைத்தான்.

இப்போது எங்கள் வீட்டில் யார் எங்கே வெளிக்கிட்டாலும் “எத்தனை பேச்சுத் தூரம்?” என்றுதான் கேட்பார்கள். வவுனியா நாலு பேச்சு. சென்னை பதினொன்று. அண்ணா வரும்போதெல்லாம் இதைச் சொல்லி என்னை உரித்தெடுப்பான். போனமுறை அம்மா அவனை மறித்தார்.

“அவனைப் பேசாதை. நீ நேரத்துக்கு வந்திருந்தா, மூண்டு பேச்சோடை முடிஞ்சிருக்கும். வேலுப்பிள்ளை வாயே திறந்திருக்கமாட்டார்.”